மாடி தாங்கும் கனம்

பிப்ரவரி 3
ஆற்றுப்பாலம் உடைந்து லாரிகள் சுற்றிப்போன வருஷம். பேத்தி தவழ ஆரம்பித்திருந்தாள். அப்போதுதான் நாங்கள் நாலு பேரும் எங்கள் லாரியை விற்று இந்த மாடியைக் கட்டினோம். நான், மேஸ்திரி, சோடா, என் மனைவியின் தம்பி குள்ளன். எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மேஸ்திரியைத் தவிர எல்லாரும் சுமை தூக்கின ஆட்கள். கணினிக் கம்பெனியின், உள்ளே வட்டு சுற்றும் இரும்பு அலமாரிகளை இறக்கும்போது ஒன்றுக்கு ஆறு பேர் முக்கினோம். ஊர்ப்பட்ட போட்டோவெல்லாம் அதற்குள்தானாம். போட்டோ பெருகினால் அலமாரி பெருகும், அலமாரி பெருகினால் இடம் வேண்டும். குள்ளன் போட்ட கணக்கு இது. கம்பெனியும் வாடகைக்கு வந்தது.

இன்று கம்பெனிப் பெண் வந்து, மாடி வேண்டாம், கீழே ஒரு சின்ன அறை போதும் என்கிறாள்.

பிப்ரவரி 5
போட்டோ எடுப்பதை ஜனங்கள் நிறுத்திவிட்டார்களா என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"பத்து மடங்கு ஆயிடுச்சு பெரியவரே. இப்ப சில்லுல வைக்கிறோம், ப்ளாஷ்னு பேரு. சுத்தாது, சத்தம் போடாது, இடத்தையும் அடைக்காது."

ஒன்றைக் கையில் கொடுத்தாள். பிஸ்கட் துண்டு அளவு. ஊதினால் பறந்துவிடும். சரக்கு கூடினால் சுமை குறையுமா? இது எந்த ஊர் நியாயம்?

பிப்ரவரி 6
சோறு இறங்கவில்லை.

பிப்ரவரி 9
இப்போதுதான் உறைக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன் குள்ளன் தன் பங்கை விலை பேசி என் தலையில் கட்டிவிட்டு விலகினான். முழங்கால் வலி என்றான். அப்போது மாடிக்கு வாட்ச்மேன் அவன்தான். சில்லுப் பெட்டி வந்து இறங்கியதைக் கண்ணால் பார்த்திருக்கிறான், படுபாவி!

வீட்டுக்கே போய்க் கேட்டேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா மாமா? கனம் இல்லாததை நீங்க ஒரு பொருளாவே மதிக்க மாட்டீங்களே."

சட்டையைப் பிடித்துவிட்டேன். இனி அவன் செத்தால் நான் போகமாட்டேன், நான் செத்தால் அவன் வரக்கூடாது. அதற்குமேல் நான் சொன்னதை எழுத மாட்டேனென்று மருமகள் கோடு போட்டிருக்கிறாள். ————

போடட்டும். நீளமாகவே போடட்டும்.

மார்ச் 2
அலமாரிகளைப் பழைய இரும்புக்காரன் அள்ளிப்போனான். புதுச் சரக்கை அந்தப் பெண் தோள்பையில் கொண்டுவந்தாள். ஒரு ஆளுக்கும் வேர்க்கவில்லை.

மார்ச் 3
காலி மாடியில் நின்று இருமினேன். இருமல் எனக்கே திரும்பி வந்தது.

மார்ச் 20
அச்சகக்காரர் ஒருவர் வந்தார். மாடி பிடித்துவிட்டது. இயந்திரம் யானைக் கனமாம். தளத்துக்குள் என்ன கம்பி, எவ்வளவு நெருக்கமாகக் கட்டினார்கள்? அது தெரியாமல் மேலே ஏற்ற மாட்டாராம். வரைபடமா? மேஸ்திரியின் தலைக்குள்தான் இருந்தது. தலையோடு போய்விட்டது. கம்பி வளைத்தது சோடாவும் குள்ளனும். நான் கீழே ஜல்லி சுமந்துகொண்டிருந்தேன். போன மழையில் சோடாவும் போய்ச் சேர்ந்தான்.

"கம்பி கட்டினவங்க யாருமே இப்ப இல்லையா பெரியவரே?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போனார். மருமகள் போனை எடுத்து என் பக்கம் நீட்டினாள்.

இருக்கிறான் என்றேன். ஒரே ஒருத்தன். குள்ளன்.