ஹிஷாமின் கார்

2014 பெப்ரவரி 9, ஞாயிறு

காரின் சத்தம் கூடிவிட்டது. நேராக ஓடும்போது ஒன்றுமில்லை. ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திரும்பினால் முன் சில்லுப் பக்கம் டக் டக் டக் என்று அடிக்கிறது. பள்ளிவாசல் முடக்கில் சனம் திரும்பிப் பார்க்கிறது. பாடசாலை வாசலில் பத்தாம் வகுப்புப் பொடியன்மார் அந்தச் சத்தத்தை வாயாலேயே செய்து காட்டுகிறார்கள். கணக்கு வாத்தியார் வருகிறார் என்பதற்கு இப்போது அதுதான் அடையாளம். கேட்காதது போல இறங்கிப் போகிறேன்.

பெப்ரவரி 11

பள்ளிக்கூடம் விட்டதும் பாலாவிக்குப் போய் அன்ரனிப்பிள்ளையிடம் காட்டினேன். என் காரையும் மச்சினன் ஹிஷாமின் காரையும் அவர்தான் திருத்துகிறவர். ஜெக் அடித்துத் தூக்கி, சில்லைக் கையால் ஆட்டிப் பார்த்தார்.

"சில்லைச் சுத்த வைக்கிற எக்ஸல் ரெண்டு பக்கமும் முடிஞ்சுது சேர். றப்பர் உறை வெடிச்சு கிறீஸ் எல்லாம் போயிட்டுது. உள்ளுக்கு மணல். சத்தம் வர முந்திக் கொண்டு வந்திருந்தா உறையையும் கிறீசையும் மாத்தி விட்டிருப்பன். இப்ப அதால பிரயோசனமில்ல."

மலிவாக ஏதும் வழி உண்டா என்று கேட்டேன். கேட்கும்போது அங்கே நின்ற வேன்காரர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"கொழும்பில பழசு தேடலாம். உங்கட மொடலுக்கு லேசில அம்பிடாது. அம்பிட்டாலும் அது எவ்வளவு காலத்துக்கு எண்டு சொல்லேலாது."

"இப்பிடியே ஓடினா?"

"ஓடும். ஒரு நாளைக்கு முடக்கில திருப்பேக்க கழண்டிரும். எஞ்சின் உறுமும், கார் அசையாது."

பழசின் விலையும் என் கைக்கு எட்டவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

பெப்ரவரி 14, வெள்ளி

ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு ஹிஷாமின் காரை ஸ்டார்ட் பண்ணினேன். வெள்ளிக்கு வெள்ளி செய்கிற வேலை. என் மனைவி பஸீனாவின் தம்பி ஹிஷாம் கட்டாரில் இருக்கிறான். எங்கள் வளவுக்குள்ளேயே அவன் வீடு பாதி கட்டியபடி நிற்கிறது. அவன் மனைவி ஹஃபீலா கனமூலையில் தன் உம்மாவோடு இருக்கிறாள், பிள்ளை பெற நாள் பார்த்துக்கொண்டு. கார் மட்டும் இங்கே, என் பொறுப்பில்.

என் காரும் அவன் காரும் ஒரே மொடல். நான் சொல்லித்தான் அதை வாங்கினான். போன முறை கட்டாருக்குப் போவதற்கு முன் இரண்டு எக்ஸலும் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் போனான்.

இன்றைக்கு எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, குனிந்து முன் சில்லுக்குள் பார்த்தேன். றப்பர் உறை புத்தம் புதிதாக இருந்தது.

என்னத்துக்குப் பார்த்தேன்?

பெப்ரவரி 17

கேட்டுவிடலாம். ஒரு ஃபோன் கதை. "ஹிஷாம், உன்ட எக்ஸல் சும்மாதானே நிக்குது, கொஞ்ச நாளைக்கு நான் பாவிக்கட்டா" என்றால் முடிந்தது. அவன் மாட்டேன் என்று சொல்ல மாட்டான். அதுதான் பிரச்சினை. மகளின் ஏ.எல். வகுப்புக்கு அவன்தான் காசு அனுப்புகிறான். குசினிக்கு ஓடு போட்டது அவன். தொண்ணூறில் புலிகள் எங்களை வெளியேற்ற, எருக்கலம்பிட்டியிலிருந்து உடுத்த உடுப்போடு வந்து முகாமில் இருந்த காலத்தில், ஓலைக் கொட்டிலுக்குள் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தேன். அதில் அவனும் ஒருவன். அவன் லாத்தா என்று கூப்பிடுகிற அக்காவை நான் கட்டிய பிறகும் என்னை மச்சான் என்று கூப்பிடமாட்டான். இன்றைக்கும் சேர்தான். அவனிடம் இன்னும் ஒன்றைக் கேட்க என் வாய் எழும்பவில்லை.

பெப்ரவரி 22, சனி

மாற்றி வைத்தாயிற்று. அவன் எக்ஸல் இரண்டும் என் காரில், என்னுடையது அவன் காரில்.

காலையில் என் காரையும் பிறகு அவன் காரையும் பாலாவிக்குக் கொண்டுபோனேன். பஸீனாவிடம் சேர்விஸ் என்று சொன்னேன். அன்ரனிப்பிள்ளை சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, "தம்பியோட கதைச்சிட்டீங்கதானே சேர்?" என்றார்.

"ஓம். அவர்தான் சொன்னவர், சும்மா நிக்கிற கார்தானே எண்டு."

அவ்வளவு இலேசாக வந்தது வாயில். சித்திரை வருசத்துக்குச் சம்பள முற்பணம் கிடைக்கும். எனக்கு ஒரு பழைய சோடி எடுத்துக்கொண்டு, அவனுடையதைத் திருப்பிப் போட்டுவிடுவேன். அவன் மே மாதம்தான் வருகிறான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

மார்ச் 3

கார் சத்தமில்லாமல் ஓடுகிறது. பொடியன்மாருக்கு ஏமாற்றம்.

மார்ச் 9, ஞாயிறு

ஹிஷாம் கட்டாரிலிருந்து ஃபோன் எடுத்தான். பஸீனா அவனிடம், "உன்ட காரை உன்ட சேர் தன்ட காரை விட நல்லாப் பாக்கிறார்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு என்னிடம் தந்தாள். "நீங்க இருக்கிறதால எனக்கு யோசனையே இல்ல சேர்" என்றான். லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். நன்றாகக் கேட்டது.

மார்ச் 18, செவ்வாய்

ஹிஷாம் வந்துவிட்டான்.

விடியச் சுபஹு தொழுதுவிட்டு வருகிறேன், வாசலில் பெட்டியோடு நிற்கிறான். லீவு முந்திக் கிடைத்ததாம், பிள்ளை பிறக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டுமாம், லாத்தாவுக்குச் சொல்லாமல் வந்து பார்க்க ஆசையாம். பஸீனா அழுது, சிரித்து, பாண் வாங்க ஆள் அனுப்பி, வீடே கலகலப்பு. தேத்தண்ணி குடித்ததும் எழும்பிவிட்டான், கனமூலைக்குப் போக.

"என்ட காரைக் கொண்டு போ ஹிஷாம்" என்றேன். "உன்ட கார் கன நாள் நிண்டது."

"அப்ப நீங்க பள்ளிக்கூடத்துக்கு என்னத்தில போற? வேணாம் சேர்."

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். பஸீனா பக்கத்தில் நின்றாள். மகள் நின்றாள். வாசலால் ஒடித்து வெளியே எடுக்கும்போது டக் டக் டக் என்றது. தலையை வெளியே நீட்டி, "நிண்டு நிண்டு வாதம் பிடிச்சிருக்கு சேர்" என்று சிரித்தான். நானும் சிரித்தேன்.

அவனைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும். நாளைக்கு.

மார்ச் 19

அவன் கனமூலையில். ஃபோனில் சொல்லக்கூடிய கதை இல்லை இது. நேரில்தான்.

மார்ச் 20, வியாழன்

யா அல்லாஹ்.

பிள்ளை பிறந்துவிட்டது, பெண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம், அல்ஹம்துலில்லாஹ். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

ஹஃபீலாவுக்கு வலி கண்டதும் ஹிஷாம் காரில் ஏற்றிக்கொண்டு புத்தளம் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறான். பாலாவியில் தண்ணீர் வாங்க ஓரம் கட்டினானாம். திரும்ப ரோட்டுக்கு எடுக்கும்போது கழன்றுவிட்டது. எஞ்சின் உறுமியது, கார் அசையவில்லை. அன்ரனிப்பிள்ளை சொன்ன அதே மாதிரி, சொல்லுக்குச் சொல். ஹஃபீலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நடு வெயிலில், ரோட்டு ஓரத்தில் நின்றிருக்கிறாள். பிறகு ஒரு முச்சக்கர வண்டி. ஆஸ்பத்திரி வரைக்கும் குலுங்கிக் குலுங்கி. போய்ச் சேர்ந்து கொஞ்ச நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டதாம்.

கொஞ்சம் பிந்தியிருந்தா? அந்த வண்டி வராம இருந்திருந்தா? ரோட்டிலயா பிறந்திருக்கும்? நான் என்ன செஞ்சு வெச்சிருக்கன். என்ன மனிசன் நான்.

ஆஸ்பத்திரியில் ஹிஷாம் என்னைக் கட்டிப்பிடித்து, "சேர், நான் வாப்பாவாகிட்டன்" என்றான். அவன் தோளுக்கு மேலால் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மார்ச் 22, சனி

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

காரை அன்ரனிப்பிள்ளையின் கராஜுக்கு இழுத்துவிட்டிருந்தார்கள். "சேரும் வாங்க, எனக்குக் கார் விசயம் விளங்காது" என்று ஹிஷாம் கூட்டிப் போனான். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது. போகிற வழியெல்லாம் இப்போது சொல், இப்போது சொல் என்று மனம் அடித்தது. அவன் பிள்ளையின் மூக்கைப் பற்றிக் கதைத்துக்கொண்டு வந்தான்.

அன்ரனிப்பிள்ளை எக்ஸலைக் கழற்றி வாங்குப் பலகையில் வைத்திருந்தார். முனை சிதறி, துருவும் மணலுமாகக் கிடந்தது. ஹிஷாம் குனிந்து பார்த்தான். இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"அண்ணன், இது என்டயில்ல. நான் போக முந்தி நீங்கதானே புதுசு போட்டுத் தந்தீங்க."

அன்ரனிப்பிள்ளை கையைத் துணியில் துடைத்தார். "ஓம் தம்பி, இது சேரின்ர. உங்கட ரெண்டும் சேரின்ர காரில ஓடுது. நீங்க சொன்னதெண்டு சேர் சொன்னவர், நான் மாத்திப் போட்டன்."

அந்த வேன்காரரும் நின்றார். என் மகளோடு படிக்கிற பிள்ளையின் தகப்பன் அவர். எல்லாரும் என்னைப் பார்த்தார்களா தெரியாது. நான் நிலத்தைப் பார்த்தேன். கறுப்பு ஒயில் ஊறிய மண்.

ஹிஷாம் நிமிர்ந்தான்.

"ஓ... ஓம்" என்றான். "ஃபோனில சொன்னனான். எனக்குத்தான் மறந்து போச்சு. நித்திரையில்லாம மண்டை வேலை செய்யுதில்ல அண்ணன்." சிரிக்கவும் சிரித்தான். கொழும்பில் யாரையோ பிடித்துப் புது எக்ஸல் எடுப்பிக்கிறேன் என்றான். என் காரில் இருப்பதைக் கழற்றிப் போடுவோம் என்று எப்படியோ சொன்னேன். "கிடக்கட்டும் சேர்" என்றான்.

என் காரில் திரும்பினோம், நான்தான் ஓட்டினேன். புத்தளம் தாண்டி, களப்பு தெரிகிற இடத்தில் கேட்டான்: "லாத்தாவுக்குத் தெரியுமா?"

"இல்ல."

"தெரிய வேணாம்."

"ஹிஷாம், நான் சித்திரைக்கு..." என்று தொடங்கினேன்.

"பாத்து சேர், மாடு நிக்குது" என்றான்.

மார்ச் 23

முன்பக்கங்களைப் புரட்டினேன். மாற்றி வைத்தாயிற்று என்று எழுதியிருக்கிறேன். எனக்கு நானே எழுதுகிற இடத்தில்கூட. களவெடுத்தேன்.

மார்ச் 29, சனி

கனமூலையில் பிள்ளைக்குப் பேர் வைத்தார்கள். ஹஃபீலாவின் வாப்பா என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் நடுவில் இருத்தினார். "இவர்தான் மாப்பிள்ளைக்குப் படிப்பிச்ச சேர்" என்று வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். உள்ளே ஹஃபீலா பெண்களுக்கு முச்சக்கர வண்டிக் கதையைச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. கூடியிருந்து சாப்பிடுகிற சஹன் தட்டில் கை வைத்தவன் இறைச்சியைப் பிய்த்துப் பக்கத்தில் இருந்தவர் பக்கமே தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஹிஷாம் எனக்குத் தண்ணீர் ஊற்றினான். முன்பு போலவே மரியாதை. கண்ணை மட்டும் பார்க்கவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று ஹிஷாம் போய்விட்டான். ஒவ்வொரு முறையும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன். இந்த முறை கனமூலையிலிருந்தே வேன் பிடித்துப் போனான். காரைப் புது எக்ஸலோடு எங்கள் வளவில் விட்டிருக்கிறான், சாவியை றிஸ்மினிடம் கொடுத்திருக்கிறான். ஹஃபீலாவின் தம்பி றிஸ்மின், உப்புக் கொம்பனியில் வேலை செய்கிற பொடியன்.

பஸீனா காலையிலிருந்து அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன நடந்த? நீங்க அவனுக்கு ஏதும் சொன்னீங்களா? ஏன் என்ட தம்பி இப்பிடிப் போறான்?"

சொன்னேன். குசினிக் கதவடியில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவதை நிறுத்தவில்லை.

"கேட்டிருந்தாக் குடுத்திருப்பானே" என்றாள்.

"அதுதான் கேக்கல."

"குடுப்பான் எண்டு தெரிஞ்சதாலயா கேக்கல?"

அரிசியை இன்னொரு முறை களைந்துவிட்டு, "ஹஃபீலாட வயித்தில பிள்ளை இருந்திச்சு" என்றாள். தண்ணீரை ஊற்றிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். எனக்குச் சோறு போட்டுத் தந்தாள். தான் சாப்பிடவில்லை.

ஏப்ரல் 6

பஸீனா கனமூலைக்குப் போய்வந்தாள். பஸ்ஸில்.

ஏப்ரல் 19, சனி

என் காரைப் பாலாவிக்குக் கொண்டுபோய், ஹிஷாமின் எக்ஸல்களைக் கழற்றித் தரச் சொன்னேன்.

"இப்ப என்னத்துக்கு சேர்? நல்லா ஓடுதே. தம்பிதான் புதுசு போட்டிட்டாரே."

"அண்ணன், அவர் எனக்கு அப்பிடிச் சொல்லேல்ல. ஃபோனிலயும் சொல்லேல்ல, ஒரு நாளும் சொல்லேல்ல. உங்களிட்டப் பொய் சொன்னனான்."

அன்ரனிப்பிள்ளை என்னைப் பார்க்கவில்லை. "அண்டைக்கே விளங்கினது" என்றார். பிறகு ஜெக்கை எடுத்துவந்தார்.

இரண்டையும் சாக்கில் சுற்றி முச்சக்கர வண்டியில் கொண்டுவந்து ஹிஷாமின் வீட்டு உள்ளறையில் வைத்தேன். என் கார் சில்லில்லாமல் கராஜின் பின்னால் நிற்கிறது. சிலாபத்தில் ஒரு பக்கத்துக்குப் பழசு அம்பிட்டிருக்கிறதாம், மற்றப் பக்கம் தேட வேண்டுமாம். மலிவு என்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஏப்ரல் 24

பஸ்ஸில் பத்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் எழும்பி இடம் தந்தான். இருக்கவில்லை.

மே 2, வெள்ளி

றிஸ்மின் வந்து காரை ஸ்டார்ட் பண்ணினான். போன வெள்ளியும் வந்தவன். நான் உள்ளே இருந்தேன். பஸீனா தேத்தண்ணி கொடுத்தனுப்பினாள். எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் விடைத்தாள் திருத்துகிற மாதிரி ஒரே தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மே 9, வெள்ளி

இன்றைக்குத் தேத்தண்ணியை நானே கொண்டுபோனேன்.

றிஸ்மின் பதறிப்போய் இறங்கினான். "நீங்க ஏன் சேர் தூக்கிக்கொண்டு வாறீங்க. இடுப்பு இப்ப எப்பிடி?"

எனக்கு விளங்கவில்லை.

"ஹிஷாம் மச்சான் சொன்னார், சேருக்கு இடுப்பு வருத்தம், குனிஞ்சு நிமிர ஏலாது, நீ போய் வெள்ளிக்கு வெள்ளி காரைப் பாத்துக்கொள் எண்டு."

கட்டாருக்குப் போகிற அவசரத்திலும் அவன் எனக்காக இதையும் யோசித்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். ஓம், கொஞ்சம் பரவாயில்லை என்று சொன்னால் போதும். வாயில் வந்தும் விட்டது.

"எனக்கு இடுப்பில வருத்தம் ஒண்டுமில்ல, றிஸ்மின்" என்றேன். "எஞ்சினை நிப்பாட்டு. ஒரு கதை சொல்லணும்."

நிறுத்தினான். சொன்னேன். அவன் லாத்தா ஹஃபீலா பாலாவியில் வெயிலில் நின்றது வரைக்கும், கராஜில் ஹிஷாம் சொன்னது வரைக்கும். இரண்டு இடத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கினேன். அவன் கார்க் கதவைப் பிடித்தபடி கேட்டான். முகம் சிவந்தது.

தேத்தண்ணி ஆறிவிட்டது. அதைக் குடித்துவிட்டுக் கோப்பையைச் சுவரில் வைத்தான். பிறகு போய் பொனட்டைத் திறந்தான். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குக் கார் பழக்கமில்லை.

"ஒயில் பாக்கிற கம்பி எது சேர்?" என்றான், என்னைப் பார்க்காமல்.

பக்கத்தில் போய் நின்று காட்டினேன்.