காய்ச்சல் யாரை எழுப்புகிறது?

ஜூன் 4

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்கள் நலம்தானா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது, ராத்திரி சாப்பிட்டதும் தண்ணீர் கேட்காமல் படுத்துவிட்டீர்கள். முன்பெல்லாம் மாத்திரைக்காகக் கேட்பீர்கள். போன வருடம் அந்த மாத்திரையின் பெயரை நூலகத்தில் தேடி நான் கண்டுபிடித்துவிட்டதால்தான், உங்களுக்கு எச்.ஐ.வி. என்று என்னிடம் மட்டும் சொன்னீர்கள். ஆகவே கேட்க வேண்டியவளும் நான்தான். மாத்திரை போடுகிறீர்களா?

அன்புடன்,
உங்கள் வக்கீல்

ஜூன் 11

கேள்வி மேல் கேள்வி கேட்கும் என் அருமை வக்கீலம்மாவுக்கு,

தண்ணீர் கேட்காதது எந்தச் சட்டத்தில் குற்றம்? நான் ஜோராக இருக்கிறேன். நேற்று நான் லிஃப்டை ரிப்பேர் செய்யப் போன கட்டடத்தில் எட்டு மாடியும் படியேறினேன். கூட வந்த வாட்ச்மேனுக்குத்தான் மூச்சு வாங்கியது.

எங்கள் தெருவில் ஒருவர் எனக்கு எதிர்ப்புச் சக்திக்கு ஊசி போடுகிறார். போட்ட அன்று உடம்பு கொதிக்கும். "காய்ச்சல் வந்தா உடம்பு சண்டைக்குக் கிளம்பிடுச்சுன்னு அர்த்தம் தம்பி. அப்புறம் மாத்திரை எதுக்கு?" என்பார். நல்ல மனிதர். நீ பரீட்சைக்குப் படி.

அன்புடன்,
சித்தப்பா

ஜூன் 15

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். "மாத்திரை போடுகிறேன்" என்று ஒரு வரிகூட இல்லை.

உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். "நம்ம செல்லுங்க ஒண்ணுக்கொண்ணு சேதி அனுப்பும். அந்தச் சேதி மூலக்கூறுக்குப் பேரு சைட்டோகைன். அதுல சிலது எச்.ஐ.வி.யைப் பெருக விடாது. சிலது செல்லுக்குள்ள தூங்குற வைரஸைத் தட்டி எழுப்பிடும்" என்றார். பிறகு, "இதெல்லாம் உனக்கெதுக்குடி?" என்று உற்றுப் பார்த்தார். ப்ராஜெக்ட் என்றேன். நம்பியதாகத் தெரியவில்லை.

காய்ச்சல் வந்தால் சேதி போகிறது என்று மட்டும்தான் தெரியும். யார் விழிக்கிறார்கள் என்று தெரியாது. லிஃப்டில் மாட்டியவர் மணி அடித்தால் உங்கள் காதிலும் விழும், திருடன் காதிலும் விழும். மாத்திரைதான் வைரஸைப் பெருகாமல் நிறுத்தி வைக்கிறது. அதை விட்டால் ஒளிந்திருப்பது திரும்பக் கிளம்பிவிடும். ஊசியில் என்ன இருக்கிறது என்றாவது அவர் சொன்னாரா?

ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன்.

வக்கீல்

ஜூன் 20

மாத்திரை போடுகிறேன். தினமும் போடுகிறேன். அப்பாவிடம் சொல்லாதே. தெரிந்தால் அண்ணன் என்னை வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார். சொன்னாயானால் நமக்குள் இனிக் கடிதம் கிடையாது.

சித்தப்பா

ஜூன் 24

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நான் நம்பவில்லை. அந்தக் கடிதத்தில் ஒரு கேலிகூட இல்லை. என்னை வக்கீல் என்றும் கூப்பிடவில்லை.

இன்று காலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி நின்றுவிட்டார். "என் தம்பி என்கிட்ட சொல்லாம உன்கிட்டயா சொன்னான்?" என்றார். அம்மா ஏதோ சொல்ல வந்தார். "நீ சும்மா இரு. முதல்ல அவனை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன்" என்று அப்பா அதட்டினார். இப்போது வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார். அது அவர் காலில்தான் இருக்கிறது.

நீங்கள் சொன்னபடியே, இனி எனக்கு எழுத வேண்டாம். இதை அப்பாவிடமே கொடுத்தனுப்புகிறேன். உங்கள் அறைக் கதவுக்கு அடியில் தள்ளச் சொல்லியிருக்கிறேன். படித்ததும் கதவைத் திறந்துவிடுங்கள். அவர் வெளியேதான் நிற்பார்.

உங்கள் அண்ணன் மகள்