காணாமல் போன வாரம்

அன்புள்ள நிகத்துக்கு,

சலாம். நீயும் உன் அத்தாவும் சுகம்தானே? பீர்க்கன்கரணையில் மழை உண்டா?

நான் நலம். ஏணியில் லேசாகக் கால் சறுக்கியதில், ஷார்ஜா வந்தபின் முதல் லீவு கிடைத்தது. நீ சொல்லாமல் பெட்டியில் வைத்த புத்தகத்தைப் படித்தேன். உன் அத்தா அந்தக் காலத்தில் வாராவாரம் பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து பைண்டு செய்த துப்பறியும் தொடர்கதை. என்ன ஜோடி! சங்கரலிங்கம் ஓயாமல் பேசுகிறார். கூட்டாளி மரகதம் செருப்பைப் பார்த்தே திருடனைக் கண்டுபிடிக்கிறாள். ரூமில் கூட இருக்கும் கூடுவாஞ்சேரி துளசிங்கத்துக்கும் படித்துக் காட்டினேன். "இன்னா மச்சான், இந்தம்மா வாயே தொறக்காம ஆளப் புட்ச்சிடுச்சி!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

ஒரே குறை. பதினாறாம் வாரம் இருவரும் சண்டை போட்டுப் பிரிகிறார்கள். பதினெட்டாம் வாரம் சேர்ந்து டீ குடிக்கிறார்கள். நடுவில் ஒரு வாரத்தைக் காணோம். யார் முதலில் பேசினார்கள் என்று அத்தாவிடம் கேட்டு எழுது. தம்பி ஜமீர் வரும்போது எலுமிச்சை ஊறுகாய் கொடுத்தனுப்பு. இங்கே எதிலும் காரமில்லை.

நான் கிளம்பிய அன்று நீ பேசவில்லை, ஏர்போர்ட்டுக்கும் வரவில்லை. சரி, நாமே முதலில் பேசுவோம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இப்போதுதான் உறைக்கிறது: புத்தகத்தை வைத்தபோதே நீ பேசிவிட்டாய்.

தபாலுக்குப் போகிறவர் வாசலில் நிற்கிறார்.

உன் மொஹ்சின்