நீ இழுத்த கேபிளில் பழுதில்லை

இன்று காலை புது வேலைக்காக நீலக் கேபிளின் மேல்தோலைச் சீவினேன். அந்தப் பிளாஸ்டிக் வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாய். அழுகை வரவில்லையடி, கோபம்தான் வந்தது. நேற்று மீட்டிங்கில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

ஓசூரில் இந்த உதிரிபாகத் தொழிற்சாலைக்கு நாம் ஒன்றாக வந்து சேர்ந்தவர்கள். நான் தென்காசிக்காரி, நீ தளிப் பக்கம். உனக்கு வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தெலுங்கு, என்னைத் திட்ட மட்டும் தமிழ். இரண்டு பேருக்கும் மெஷின்களின் விவரத்தைச் சர்வருக்குக் கொண்டு சேர்க்கும் நெட்வொர்க் வேலை. தகடு அழுத்தும் பிரஸ் ஓடும் இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்று விரலால் பேசிக்கொள்வோம். ஒரு விரல் நீட்டினால் கேபிள். இரண்டு என்றால், பக்கத்து மெஷினுக்குக் கைமாற்றி விடும் சுவிட்ச். மூன்று முகவரியும் வழியும். அனுப்பியது சிந்தாமல் சிதறாமல் சேர்ந்ததா என்று பார்ப்பது நான்கு. வந்ததைப் பிரித்துப் படிக்கும் புரோகிராமுக்கு ஐந்து விரல். எந்தப் பழுதானாலும் கீழேயிருந்துதான் தொடங்குவோம். ஒன்று சரியென்று தெரியாமல் இரண்டுக்கு ஏற நீ விட்டதே இல்லை.

மேனேஜருக்கு இந்த அடுக்கெல்லாம் எரிச்சல். "எல்லாத்தையும் ஒண்ணா வச்சுத் தொலைச்சா என்ன?" என்று ஒருநாள் கேட்டார். நீ விட்டாயா?

"சார், கிருஷ்ணகிரி மாம்பழ லாரி ஓட்டுறவரு பெட்டியத் தொறந்து பழத்த மோந்து பாக்கணுமா? அவரு ரோட்டப் பாத்தாப் போதும். லாரிய மாத்துனா பழம் மாறிடுமா?"

அவரே சிரித்துவிட்டார். மறு மாதம் நீ காய்ச்சலென்று லீவு போட்டுப் போனாய். அந்தக் காய்ச்சலே உன்னைக் கொண்டுபோய்விட்டது, திரும்பி வரவே இல்லை.

போன வாரம் சர்வரில் ஒரு புதுப் புரோகிராம் ஏற்றினார்கள். மேனேஜருக்கு அதில் அவ்வளவு அவசரம். மறுநாளே மெஷின்களின் விவரம் எதுவும் திரையில் ஏறாமல், பாகங்களைப் பூட்டும் அசெம்பிளி நின்றது. அங்கே கேபிள் இழுத்ததும் முகவரி கொடுத்ததும் நீ. நேற்று மீட்டிங்கில் மேனேஜர் கூசாமல் சொன்னார்: "ஏம்மா, அந்தப் பொண்ணுதான் இல்லியே. அது இழுத்த கேபிள்ல பழுதுன்னு சொல்லி முடிச்சிரலாம். போனவங்க வந்து கேக்கப் போறாங்களா?"

அதே அசெம்பிளியில்தான் உன் தங்கச்சி போல்ட் முடுக்குகிறாள். உங்க அக்கா வேலையால்தான் எல்லாம் நின்னுச்சு என்று நாலு பேர் அவள் முகத்துக்கு நேரே சொல்வார்களே! எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்.

"அதெல்லாம் முடியாது சார். எல்லாரும் எந்திச்சு வாங்க, கீழயிருந்து பாத்துருவோம். அவ பண்ணதுல பழுதுன்னா நானே சொல்லுதேன்."

அசெம்பிளிக்கு நடக்கும்போதுதான் உறைத்தது. ஒருவேளை உன் கையே தவறியிருந்தால்?

கேபிளில் டெஸ்டரை மாட்டினேன். விளக்குகள் வரிசையாக எரிந்தன. சுவிட்சில் குறையில்லை. நீ கொடுத்த முகவரிக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பினேன், போய்த் திரும்பி வந்தது. மெஷின்கள் அனுப்பிய அத்தனையும் ஒன்று குறையாமல் சர்வரில் வந்து குவிந்து கிடந்தது. நம் பழைய மெஷின்கள் எழுதும் முறையைப் புதுப் புரோகிராமுக்குப் படிக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான். மறுகோடியில் நின்ற உன் தங்கச்சியைப் பார்த்து ஐந்து விரலையும் விரித்துக் காட்டினேன். நம் விரல் பாஷையை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள்தானே நீ. அவளுக்குப் புரிந்துவிட்டது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இவ்ளோ வீம்பு ஆகாதும்மா. அடுத்த வாட்டி யோசிச்சுப் பேசு" என்றார் மேனேஜர், போகிற போக்கில்.

யோசித்துவிட்டேன். வேலையை விட்டு அனுப்பினாலும் அனுப்பட்டும். இங்கே உன் பேரை இழுக்கிறவன் எவனானாலும் என்னோடு கேபிளிலிருந்து ஒவ்வொரு படியாக ஏறி வரட்டும். போனவள் வந்து கேட்கமாட்டாளாம்.

நான் கேட்பேனடி.