மார்க் இல்லாத மலை

20-8-79, திங்கள்
விடாத தூறல். ஒரு சைக்கிளும் வாடகைக்குப் போகவில்லை. வறுகடலை கொறிப்பதைத் தவிர வேலை இல்லை. சும்மா இருந்த கை மகள் கஸ்தூரியின் ஸ்கூல் பையைத் திறந்துவிட்டது. வெட்கம்தான். மூன்றாம் கிளாஸோடு நின்றவனுக்கு ஒன்பதாம் கிளாஸ் நோட்டில் என்ன வேலை?

ஆனாலும் கிடைத்தது. சிவப்புத் துணித் துண்டு ஒன்று. ஒரு தாளில் எங்கள் ஊர் அண்ணாமலையின் படம், சுற்றிலும் பாதை. ஓரத்தில் 'மொத்தம் எத்தனை சக்கரம்?'

எடுக்கப் போகிறவன்தானே அளப்பான்?

சாயங்காலம் கேட்டேன், பை விஷயத்தை விட்டுவிட்டு. "ஞாயித்துக்கிழம சயின்ஸ் டீச்சரோட எங்க போறீங்க?"

"மலைய அளக்கப்பா. சைக்கிள் சக்கரத்தால."

"பரீட்சைல வருமா?"

"வராது."

"மார்க்கு?"

"கெடையாது. சும்மா தெரிஞ்சிக்க."

லீவு நாளில், மார்க் இல்லாமல் ஒரு படிப்பு. எங்கேயோ இடிக்கிறது.

23-8-79, வியாழன்
வெயில் ஜாஸ்தி. பஞ்சர் மூன்று. பால்காரர் வந்து ஒரு சேதியைப் பற்றவைத்தார். "போன வாரம் உன் பொண்ணும் இன்னும் அஞ்சு பொண்ணுங்களும் சைக்கிளத் தள்ளிக்கினு மலைய எடமா சுத்தனாங்க. ஊரே பாத்துது."

இடமாக! சாமி மலையை வலமாகத்தானே சுற்றுவார்கள்? அந்த டீச்சர் வெளியூர், தெரியாது. இவள் இந்த ஊர்க்காரிதானே?

கஸ்தூரி தலையைக் குனியவில்லை. "எடமா சுத்தினா அளவு மாறுமான்னு நான்தான் கேட்டேன். எனக்குத் தெரியாது, சுத்திப் பாத்துடலாம்னாங்க டீச்சர்."

டீச்சருக்கே தெரியாதாம். சந்தேகம் இரண்டு மடங்கு.

என் மனைவி சரோஜா: "வயசுக்கு வந்த பொண்ணுங்க. நிறுத்துங்க இத்தோட."

பெண் சாப்பிடாமல் படுத்தாள். சொல்லிவிட்டேன்: "இந்த வாரம் வலமா. நானும் வரேன், எண்றது நானு. எதுனா கோளாறு தெரிஞ்சா அதோட சரி."

26-8-79, ஞாயிறு
மேகமூட்டம். வெறுங்கால். சக்கரத்தில் சிவப்புத் துணி, அது மேலே வந்தால் ஒன்று. நூறு ஆனால் சட்டைப் பையில் ஒரு கடலை. யோசனை என்னுடையது. டீச்சர் பாராட்டினார். எதற்கோ.

"டீச்சரம்மா, அளந்து ஊருக்கு எடுத்துக்கினு போறீங்களா?"

"பஸ்ல ஏத்த மாட்டாங்களே ஐயா."

சிரிக்கிறார். நம்புவதற்கில்லை.

வழியில் அடி அண்ணாமலை கிராமத்தில் டீ. டீக்கடைக்காரரிடம் டீச்சரைப் பற்றி என் சந்தேகங்களை எல்லாம் விவரமாகச் சொன்னேன். அவரும் பல சொன்னார். பிறகு மீதிப் பாதை.

கடை வாசல். கஸ்தூரி பென்சிலோடு நின்றாள். "போன வாரம் ஆறாயிரத்து முந்நூறு. இப்ப எத்தனைப்பா?"

பையில் கை விட்டேன். நாலு கடலை.

டீச்சர் என் வாயைப் பார்த்தார். மீசையில் கடலைத் தோல்.

சரோஜா உள்ளேயிருந்து: "கோளாறு எதுனா தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது. டீச்சர்கிட்ட இல்ல."

கஸ்தூரி எழுதிக்கொண்டாள். இடம் 6,300. வலம் 400. அடுத்த ஞாயிறு மறுபடி அளக்க வேண்டுமாம். புளியங்கொட்டை வைத்து.