பன்னிரண்டாம் வீட்டுக்காரரின் சனிக்கிழமை

கயானி, நவம்பர் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். காட்டுப் பயிற்சி முடியும்வரை கைபேசிகளை வாங்கிப் பூட்டிவிட்டார்கள், அதனால்தான் பேனா. இன்று வியாழன், வியாழன்தோறும் ராணுவத்தில் பட்டாணி சூப்தான். இரண்டு தட்டு சாப்பிட்டேன். நீ அனுப்பிய கம்பளிக் காலுறை சரியாக இருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கணினி வகுப்புக்காக நீ எழுதிய நிரல், நம் கட்டடத்தின் பொது நீராவிக் குளியலறையான சௌனாவுக்கு யார் எப்போது என்று முறைப் பட்டியல் போட்டது, அதை நீ கீழ்த்தளத்தில் ஒட்டினாய், பன்னிரண்டாம் வீட்டு ஹுவாரினென் பெயர் மட்டும் விடுபட்டுவிட்டது. முப்பது வருடமாகச் சனிக்கிழமை ஏழு மணிக்குக் குளிக்கிற மனிதர், தோளில் துண்டோடு உன் வாசலில் வந்து நின்று, "நான் செத்துட்டேன்னு யாரும்மா உன் மெஷினுக்குச் சொன்னது?" என்று கேட்டாராமே. படித்துச் சிரித்தேன், மன்னித்துக்கொள்.

அடுத்த வரியில் சிரிப்பு நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை இந்த நிரலைக் காட்டினால்தான் ஜனவரி முதல் ஒரு வருடப் படிப்பில் உனக்கு இடம். நீயோ, "ஆசிரியைகிட்ட பேரை எடுத்துடச் சொல்லிட்டு சலவை வேலைக்கே திரும்பிப் போறேன். ஐம்பத்துநாலு வயசு மண்டைக்கு இது ஏறாது" என்கிறாய். முட்டாள்தனம்.

நீ தாளில் பார்த்தெழுதி அனுப்பிய நிரலைப் படித்தேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டு வரை என்று இருக்கிறது. நீ பயிலும் நிரல்மொழியில் கணினி கடைசி எண்ணைத் தொடாது, அதற்கு முந்தையதோடு நின்றுவிடும். பன்னிரண்டாம் வீடும் வேண்டுமென்றால் பதின்மூன்று என்று எழுத வேண்டும்.

நீ அப்படித்தான் எழுதியிருந்தாய். போன விடுப்பில் ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று மேல்கோட்டு மாட்டிக்கொண்டு நின்றவன், உன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "இருக்கிறதே பன்னிரண்டு வீடு, பதின்மூன்று எங்கிருந்து வந்தது? தள்ளு" என்று எண்ணை மாற்றியவன் நான். "இல்லடா, கடைசி ஒண்ணை அது விட்டுடும்னு டீச்சர் சொன்னாங்களே" என்று நீ சொன்னாய். நான் காதில் வாங்கவில்லை. எனக்குப் பழகிய நிரல்மொழியில் கடைசி எண்ணும் சேரும், அதைவிட மோசம், படித்தவன் என்ற திமிர்.

நீயோ என் பேச்சை நம்பி உன் சரியான விடையை விட்டுவிட்டாய். கடிதத்திலும் என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மறந்துவிட்டாயா, மறைத்தாயா என்று தெரியவில்லை.

எண்ணைத் திருத்து. புதுப் பட்டியலை ஒட்டு. ஹுவாரினெனுக்கு அடுத்த சனிக்கிழமை நம் முறையையும் சேர்த்துக் கொடு, இரண்டு மணி நேரம் வேகட்டும். ஆசிரியை கேட்டால் தவறு யாருடையது என்று பெயரோடு சொல்.

நீ கேட்டுப் புரிந்துகொண்டு எழுதியவள். நான் பார்க்காமலே மாற்றியவன். இதில் யாருக்கு மண்டை இல்லை என்று ஆசிரியைக்கே தெரியும்.

செவ்வாய்க்கிழமை போ அம்மா. தயவுசெய்து போ.

உன் மகன்,
ஓத்ஸோ