பன்னிரண்டு நிமிடம்

சிதம்பரம்,
11.1.2005

அன்புத் தங்கை மாலதிக்கு,

நேற்று தேவனாம்பட்டினம் முகாமுக்கு வந்தேன். நீ உன் அப்பாவைத் தேடி ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பதாக உன் அம்மா சொன்னார். அரிசியும் போர்வையும் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். கடல் கொண்டுபோனவர்கள் எத்தனையோ பேர் எங்கெங்கோ கரையேறியிருக்கிறார்கள். அப்பாவும் வருவார், தைரியமாக இரு.

படிப்பை நினைத்துக் கலங்காதே. பாடம் நடத்துகிறவன் மட்டுமல்ல, கூடப் பிறக்காத அண்ணனும்தான் நான். நம் கல்லூரி மாடியில் தொலைநோக்கி அறையை வெள்ளையடிக்கக் காலி செய்தார்கள். போன வருடம் மாசி, பங்குனி முழுக்க நீ கண்விழித்து அந்த மிதுன ராசி நட்சத்திரத்தை அளந்தாயே, அந்தப் பச்சை அட்டை நோட்டை எடுத்து வைத்திருக்கிறேன். மூன்றரை நாளுக்கு ஒருமுறை அது மங்குகிறது, அதன் குறுக்கே ஒரு கோள் போகிறது என்று குதித்தாயே! நீ வரும்வரை நோட்டு என்னிடம் பத்திரமாக இருக்கும்.

பாசமுள்ள அண்ணன்,
செம்பியன்


கடலூர்,
20.8.2006

அன்புள்ள அண்ணா,

நலம் விசாரிக்க மனம் வரவில்லை. உடல் கிடைக்காமலே அப்பாவுக்குக் காரியம் செய்தோம். அதன்பிறகு மூன்று முறை நோட்டைக் கேட்டேன். தேடித் தருகிறேன் என்றீர்கள்.

நேற்று நூலகத்தில் ஆய்விதழைப் பிரித்தேன். என் நட்சத்திரம், நான் பார்த்த ஐந்து மங்கல்கள், மணி நிமிடம் உட்பட நான் எழுதியபடியே. கீழே உங்கள் பெயர் மட்டும். நீங்கள் ஒரு ராத்திரிகூட அந்த மாடி ஏறியதில்லையே அண்ணா!

என் பெயரையும் சேர்த்து இரண்டு வரியில் ஒரு திருத்தம் வெளியிடச் சொல்லுங்கள். வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

மாலதி


சிதம்பரம்,
2.9.2006

மாலதிக்கு,

உன் கடிதம் மனதைப் புண்படுத்தியது. என்னிடம் ஏதம்மா நோட்டு? அது உன் வீட்டோடு கடலில் போய்விட்டதாகத்தான் துறையில் எல்லோருக்கும் தெரியும். அப்பா போன துக்கத்தில் உனக்கு எல்லாம் குழம்பிக் கிடக்கிறது. நல்ல டாக்டராகப் பார். இனி இது பற்றி எழுதாதே.

செம்பியன்


சிதம்பரம்,
6.6.2011

அன்புத் தங்கை மாலதிக்கு,

எத்தனை வருடம் ஆகிவிட்டது! நீ அமெரிக்காவில் விண்வெளித் தொலைநோக்கிக் குழுவில் இருப்பதைக் கேட்டு இந்த அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. நம் கடலோரப் பெண் வானத்துக்கே கண் செய்கிறாள் என்று வகுப்பில் சொன்னேன்.

ஒரு சந்தோஷச் செய்தி. நம் கோள் இப்போதெல்லாம், 2004 நேரங்களை வைத்து நான் போட்ட கணக்கைவிடப் பன்னிரண்டு நிமிடம் முந்தியே நட்சத்திரத்தை மறைக்கிறது. பக்கத்தில் இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று எழுதியிருக்கிறேன். அடுத்த தொலைநோக்கிக்கான இந்தியக் குழுவுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறார்கள். அந்தக் கமிட்டிக்கு நீ ஒரு வரி எழுதினால் போதும், பதவி எனக்குத்தான்.

மின்னஞ்சல் வேண்டாம். இங்கே என் கணினியை எல்லோரும் திறக்கிறார்கள்.

அன்பு அண்ணன்,
செம்பியன்


டூசான், அமெரிக்கா,
19.7.2011

அன்புள்ள அண்ணா,

கடிதம் கண்டு மகிழ்ச்சி. இரண்டு மாதமாகக் காற்றில்லாத தொட்டிக்குள் அடுத்த தொலைநோக்கியின் கண்ணாடியைக் குளிரவைத்துச் சோதித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போனது அபூர்வம், அதுதான் பதில் தாமதம்.

கமிட்டிக்கு நான் அவசியம் எழுதுகிறேன். ஒரு சின்ன சந்தேகம் மட்டும். 2004இல் மங்கல் நேரங்களை எந்தக் கடிகாரம் பார்த்துக் குறித்தீர்கள்? கேட்டால் நான் சொல்ல வேண்டுமே. உங்கள் கையாலேயே எழுதி அனுப்புங்கள்.

தங்கை மாலதி


சிதம்பரம்,
10.8.2011

அன்புத் தங்கைக்கு,

இதில் என்ன சந்தேகம்! மாடி அறைச் சுவர்க்கடிகாரம்தான். தினமும் மாலை வானொலிச் செய்தியோடு நானே ஒத்துப்பார்த்து முள்ளைத் திருத்துவேன். ஒரு வினாடி பிசகாது. தாராளமாகச் சொல்.

அண்ணன்,
செம்பியன்


கடலூர்,
15.2.2012

திரு. செம்பியன் அவர்களுக்கு,

இது உங்கள் கைக்கு வரும்போது டெல்லியில் நேர்முகம் முடிந்திருக்கும். வாக்குக் கொடுத்தபடி கமிட்டிக்கு எழுதிவிட்டேன்.

போன மாதம் பரங்கிப்பேட்டையில் ராஜமாணிக்கம் அண்ணனைப் பார்த்தேன். ஞாபகம் இருக்கிறதா? மாடி அறையைத் திறந்துவிட்டு வீட்டுக்கு ஓடுவாரே, அட்டெண்டர். கடிகாரத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்துவிட்டார். "ஏழே கால் பஸ்ஸ வுட்டா நடந்துதான் வூட்டுக்குப் போவணும். அதான் பன்னெண்டு நிமிசம் முன்னாடியே ஓட வுட்ருந்தேன். ரிட்டேர்டு ஆவுற வரைக்கும் அத ஒருத்தரும் தொட்டதில்ல பாப்பா!" அதையே எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

எனக்கு அது அன்றே தெரியும். நோட்டின் பின்னட்டை உட்புறத்தில் எழுதியிருந்தேன்: 'அறைக் கடிகாரம் 12 நிமிடம் வேகம், எல்லாவற்றிலும் கழிக்கவும்.' உள்ளே இருந்ததைத் திருடிய அவசரத்தில் நீங்கள் அட்டையைப் பார்க்கவில்லை.

ஏற்கெனவே வானில் சுற்றும் எங்கள் தொலைநோக்கி அந்த நட்சத்திரம் மங்குவதை நாற்பது முறை பார்த்துவிட்டது. மங்கல் தன் நேரத்துக்குச் சரியாக வருகிறது. உங்கள் ஐந்து நேரங்கள் மட்டும் பன்னிரண்டு நிமிடம் பிந்தி நிற்கின்றன. அங்கே இரண்டாவது கோள் எதுவும் கிடையாது. அது ராஜமாணிக்கம் அண்ணனின் பஸ்.

நாற்பது நேரங்களின் பட்டியலையும் அவருடைய வாக்குமூலத்தையும் உங்கள் ஆகஸ்ட் கடிதத்தையும் கமிட்டிக்கும் ஆய்விதழுக்கும் அனுப்பினேன். கூடவே, நோட்டை எடுத்து வைத்திருப்பதாக நீங்கள் எழுதிய 2005 ஜனவரிக் கடிதம். முகாமில் மாற்றுப் புடவை இல்லாத நாளிலும் அதை மடித்து வைத்திருந்தேன், அப்போது பாசத்தில். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த நீங்கள், அதை மறைத்த கையாலேயே எழுதிக் கொடுத்ததை மறந்துவிட்டீர்கள்.

ஆய்விதழிலிருந்து பதில் வந்தது. கட்டுரையில் உங்கள் பெயரை நீக்கி என் பெயரைப் போடுகிறார்கள்.

இதை நியாயத்துக்காகச் செய்தேன் என்று சொல்லமாட்டேன். பழிவாங்கத்தான் செய்தேன். பிணவறையில் ஒவ்வொரு துணியாக விலக்கி அப்பாவின் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது நீங்கள் என் நோட்டைப் பிரித்தீர்கள். பிறகு எனக்கு டாக்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். ஆறு வருடம் வயிறு எரிந்தது. நேற்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். எழுதினால் அதையும் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

சி. மாலதி